கல்யாணமாகி வர்ற முதல் கோடை: ரிமோட் சண்டைக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணிருங்க

கல்யாணம் ஆகி தனியா வீடு எடுத்து வந்த முதல் கோடையில ஒரே வாரத்துல ஏசி ரிமோட்டை மூணு தடவை ஒளிச்சு வெச்சவ நான். அவருக்கு 18 வேணும், எனக்கு 27 போதும், கடைசில யாராவது ஒருத்தர் போர்வையைச் சுருட்டிக்கிட்டு ஹால்ல போய்ப் படுக்கிறது, காலைல ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வேலைக்குக் கிளம்புறது. மத்தியானம் மேக்கு ஜன்னல் வழியா உள்ள வந்து உட்கார்ந்துட்ட வெக்கையை வெளிய அனுப்பத் தெரியாம ராத்திரி ரிமோட்டை வெச்சு அடிச்சுக்கிட்டோம்னு புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. புதுசா குடும்பம் நடத்தற ரெண்டு பேருக்கு அந்த ரெண்டு வருஷத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதறேன்.

முதல் வேலை, ஒரு லீவு நாள்ல வெயில் பின்னாடியே வீட்டுக்குள்ள சுத்துங்க. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். காலைல எந்த ஜன்னல்ல வெயில் விழுது, எத்தனை மணிக்கு அது நகருது, சாயந்திரம் எந்தச் சுவரைத் தொட்டா காந்துதுனு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதமும் சேர்த்துக் காட்டுற மாதிரி, வாங்கி படுக்கையறையில வெச்சு காலைல எழுந்ததும், பத்து மணிக்கு, மூணு மணிக்கு, படுக்கறதுக்கு முன்னாடினு நாலு தடவை பாருங்க, மூணு நாள் பார்த்தாலே உங்க வீட்டோட குணம் தெரிஞ்சிரும். பொதுவா வெளிய சூடு உச்சத்துக்குப் போறது உச்சி வெயில் நேரத்துல கிடையாது, மத்தியானம் ரெண்டுல இருந்து நாலுக்குள்ள. குறைச்சலா இருக்கறது நடுராத்திரியிலயும் இல்ல, விடியற நேரத்துல. ஆனா சுவரும் கூரையும் பகல்ல குடிச்ச சூட்டை மெதுவாத்தான் கக்கும், அதனாலதான் சூரியன் மறைஞ்ச பிறகும் எட்டு மணிக்குக் கூட ரூம் அடுப்பு மாதிரி இருக்கு.

இந்தக் கணக்கு தெரிஞ்சா அடுத்த வேலை தானா வரும். ஜன்னலை எப்பத் திறக்கறது எப்பச் சாத்தறது. எங்க வீட்டுல பெரிய சண்டை இதுலதான், "ஏங்க அதைச் சாத்துங்க, அனல் அடிக்குது"னு நான், "காத்து வரட்டும்மா"னு அவர். விதி ரொம்ப சிம்பிள், வெளிய இருக்கற காத்து உள்ள இருக்கறதை விடக் குளிர்ச்சியா இருந்தா திற, சூடா இருந்தா மூடு, அவ்வளவுதான். தெர்மாமீட்டரை ஒரு அஞ்சு நிமிஷம் ஜன்னலுக்கு வெளிய நிழல்ல வெச்சுப் பார்த்தா வாக்குவாதம் முடிஞ்சது. விடியக்காலைல எல்லாத்தையும் திறந்து விட்டு, எதிரெதிர் ஜன்னல் ரெண்டும் திறந்திருந்தா இன்னும் நல்லது, எட்டு ஒன்பது மணிக்கு வெயில் ஏறும்போது மூடிட்டு, திரும்ப ராத்திரி வெளிய குளிர்ந்ததும் திறங்க. ஒரு விஷயம், வெளிய வெக்கை குறைவா இருந்தாலும் புழுக்கம் அதிகமா இருக்கற ஊர்ல ஏசி ஓடற வீட்டுல ராத்திரி ஜன்னலைத் திறந்தா ஈரம் முழுக்க உள்ள வரும், அங்க யோசிச்சுத் திறங்க. அதே மாதிரி காத்தே இல்லாத வீட்டுல, ஏசியும் இல்லாம, மூடியே வெச்சு அவிஞ்சு போகவும் வேணாம்.

கர்ட்டன் போடறதுல எல்லாரும் பண்ற தப்பு, அழகா உள்பக்கம் மட்டும் தொங்கவிடறது. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ள வந்தாச்சுன்னா அது பட்ட கர்ட்டன் சூடாகி அந்தச் சூட்டை ரூமுக்குள்ளதான் விடும். வெயிலை கண்ணாடிக்கு வெளியிலயே தடுக்கறதுதான் நிஜமான தடுப்பு, மூங்கில் தட்டியோ, பச்சை நிற நிழல் வலையோ, ஒரு பழைய வெள்ளைத் துணியோ, எதுவா இருந்தாலும். மேக்குப் பக்க ஜன்னலுக்கு இதை முதல்ல பண்ணுங்க, ஏன்னா சாயந்திர வெயில் தாழ்வா சாஞ்சு வர்றதால மேல இருக்கற சன்ஷேடு அதைத் தடுக்கவே தடுக்காது. வாடகை வீடுன்னா ஓட்டை போட முடியாது, நாங்க ரெண்டு கொக்கியில கயித்தைக் கட்டிச் சமாளிச்சோம், பார்க்க நல்லாவே இல்ல, ஆனா தெர்மாமீட்டர் பேசிச்சு. மேல் மாடியில இருக்கறவங்க, வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா, கூரைக்கு வெள்ளை அடிச்சுப் பாருங்க, வெயிலைத் திருப்பி அனுப்பற வேலையை அது பண்ணும்.

இனிமே ஃபேன் விஷயம். ஃபேன் காத்தைக் குளிர வைக்காது, மோட்டார் சூடு வேற கொஞ்சம் சேரும், அது பண்றது முக்கியமா நம்ம மேல இருக்கற வேர்வையை ஆவியாக்கறதுதான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகணும்னா உடம்புல இருந்து சுமார் 2400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், அதுதான் மனுஷனுக்கு இருக்கற பெரிய ஏசி. அதனால யாரும் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடறது சுத்த வேஸ்ட், வெளிய போறவங்க நிறுத்திட்டுப் போங்க. புழுக்கமா இருக்கற நாள்ல வேர்வை ஆவியாகாம சொட்டும், அன்னைக்கு ஃபேன் ஓடியும் கசகசன்னு இருக்கறது அதனாலதான். இன்னொரு எல்லையும் இருக்கு, ரூம்ல 40 டிகிரியைத் தாண்டிருச்சுன்னா ஃபேன் சூட்டைத்தான் மேல வீசும், அப்ப அதை நம்பாதீங்கனு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அந்த மாதிரி நேரத்துல ஈரத்துணியால உடம்பைத் துடைச்சுக்கறது, ரெண்டு மூணு மணி நேரம் குளுகுளுன்னு இருக்கற வேற எங்கயாவது போய் உட்கார்றதுதான் வழி.

தண்ணி ஊத்தி ஓடற ஏர் கூலர் வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வறண்ட ஊர்ல அது அருமையான சாமான், புழுக்கமான ஊர்ல காசைக் கொடுத்து ஈரத்தை வாங்கற மாதிரி. அதுவும் ஜன்னலைச் சாத்திட்டு ஓட்டக்கூடாது, ஈரக்காத்து வெளிய போக வழி வேணும், இது தெரியாம என் தோழி ஒருத்தி ரூமைப் பூட்டிக்கிட்டு ஓட்டிட்டு மிஷின் சரியில்லன்னு திருப்பிக் கொடுக்கப் போனா.

ஏசி இருந்தா அதைச் சரியா வேலை வாங்கணும். 1902ல வில்லிஸ் கேரியர்ங்கற இன்ஜினியர் முதல் மிஷினை வடிவமைச்சது ஒரு அச்சகத்துக்காக, மனுஷன் குளிரட்டும்னு இல்ல, ஈரத்துல பேப்பர் சுருங்கி விரிஞ்சு கலர் விலகாம இருக்கட்டும்னு. அதாவது ஈரத்தை எடுக்கறது அதோட பிறவிக் குணம். அதனால வெக்கை குறைவு, புழுக்கம் ஜாஸ்தினு இருக்கற நாள்ல டிகிரியைக் கீழ இறக்காம ட்ரை மோடுல போட்டுப் பாருங்க. 18ல வெச்சா சீக்கிரம் குளிரும்ங்கற நம்பிக்கை எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் இருந்துச்சு, இன்வர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில கம்ப்ரஸர் எந்த நம்பர்ல வெச்சாலும் ஒரே வேகத்துலதான் ஓடும், 18னு சொன்னா ரொம்ப நேரம் ஓடும், அவ்வளவுதான். 27ல வெச்சு கூடவே ஃபேனைப் போட்டா ரூம் இன்னும் 4 டிகிரி குறைஞ்ச மாதிரி உடம்புக்குத் தெரியும், எங்க 18க்கும் 27க்கும் நடந்த போர் முடிஞ்சது இந்த ஒரு விஷயத்துல. ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டித் தண்ணியில அலசிக் காய வெச்சு மாட்டுங்க, இதை யார் பண்றதுனு முன்னாடியே பேசிக்கோங்க. ஏசி பிளக்கை எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகவே சொருகாதீங்க, வயர் சூடாகித் தீப்பிடிக்கும்.

ரெண்டு பேருக்கு ஒரே ரூம்ல ஒருத்தருக்கு வேர்க்கறதும் ஒருத்தருக்கு நடுங்கறதும் நடிப்புன்னு நினைக்காதீங்க, நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். சும்மா உட்கார்ந்திருக்கற ஒரு ஆள் உடம்புல இருந்து சுமார் 100 வாட் சூடு வெளிய வருது, ரெண்டு பேர் படுக்கையறையில இருந்தா 200 வாட் ஹீட்டர் ஒண்ணை ஆன் பண்ணி வெச்ச மாதிரி. இந்தச் சூடு ஆளுக்கு ஆள் மாறும், உடம்பு பெருசா சதைப்பிடிப்பா இருந்தா ஜாஸ்தி. 2015ல நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் இதை வெச்சே, ஆபீஸ் ஏசி கணக்கெல்லாம் ஆம்பளைங்க உடம்புச் சூட்டை அளவா வெச்சுப் போட்டது, பொம்பளைங்களுக்கு அது குளிர் ஜாஸ்தினு எழுதினாங்க. படிச்சுக் காட்டினேன், அவர் ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு 26. இதுக்கு நடைமுறை வழி, ஃபேனுக்கு நேர் கீழயும் ஏசி காத்து நேரா படற பக்கமும் வேர்க்கறவங்க படுங்க, குளிர்றவங்க மத்தப் பக்கம், ஆளுக்கு ஒரு தனிப் போர்வை. ஒரே பெரிய போர்வைங்கறது சினிமாவுக்குத்தான் சரி.

அடுத்து சமையல். அடுப்படியில பத்த வைக்கற ஒவ்வொரு நிமிஷமும் வீட்டுக்குள்ள சூடு ஏறுது, அதனால பெரிய சமையலை விடியக்காலையில முடிச்சிருங்க, மத்தியானம் சுட வெச்சா மட்டும் போதும்ங்கற அளவுக்கு. பாத்திரத்தை மூடி சமைங்க, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க, அடுப்புக்கு முன்னாடி நிக்கறதை ஒரே ஆள் தலையில கட்டாதீங்க, 35 டிகிரில அடுப்படியில நிக்கறவங்களுக்கு ஹால்ல இருந்து "இன்னும் ஆகலையா"னு குரல் வந்தா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பழைய குண்டு பல்பு எங்கயாவது இருந்தா மாத்திருங்க, அது வாங்கற கரண்ட்ல பெரும்பங்கு சூடாத்தான் போகுது.

வெயில் காலத்துல வீட்டுல வயித்துப் போக்கு வர்றதுக்கு ஒரு முக்கியக் காரணம், சமைச்சதை வெளிய வெச்சு மறந்துடறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி வேகமா பெருகும். சாதாரண நாள்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குள்ள போகணும், ரூம் 32 டிகிரிக்கு மேல போனா ஒரு மணி நேரம்தான் கணக்கு. பெரிய பாத்திரத்தோட சூடா உள்ள வைக்காம சின்னச் சின்ன டப்பாவுல பரப்பி ஆற வெச்சு வைங்க. ஃபிரிட்ஜ் உள்ள 4 டிகிரிக்குக் கீழ இருக்கணும், ஃப்ரீசர் மைனஸ் 18, பின்பக்கம் சுவரோட ஒட்டாம ஒரு சாண் இடைவெளி விடுங்க, உள்ள எடுத்த சூட்டை அது அங்கதான் கொட்டுது. (ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அது முன்னாடி நின்னு காத்து வாங்கற ஆள் எங்க வீட்டுல இருக்கார், அதனால ரூம் மொத்தத்துல சூடுதான் ஏறும்னு சொன்னா நம்பல.) கரண்ட் போச்சுன்னா திறந்து திறந்து பார்க்காதீங்க, மூடியே இருந்தா ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிறைய சாமான் இருக்கற ஃப்ரீசர் 48 மணி நேரம்.

தண்ணி சேர்த்து வைக்கறவங்க வாரத்துக்கு ஒரு நாள் வாளி, டிரம், கூலர் டேங்க், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு எல்லாத்தையும் கொட்டிருங்க. டெங்கு கொசு முட்டையில இருந்து பறக்கற கொசுவா மாற ஏழுல இருந்து பத்து நாள் போதும், வாரம் ஒரு தடவை கொட்டினா அது பறக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிரும். கொட்டினா மட்டும் பத்தாது, முட்டை பாத்திரத்தோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்ச நிலையில மாசக்கணக்கா இருக்கும், அதனால பிரஷ்ஷால தேய்க்கணும். ஞாயித்துக்கிழமை இந்த வேலையை ரெண்டு பேரா பண்ணினா இருபது நிமிஷம், ஒருத்தர் தனியா பண்ணினா ரெண்டு நாள் புலம்பல்.

இனி வெளிய போறது. கடை, பேங்க், சொந்தக்காரங்க வீடு எதுவா இருந்தாலும் பத்து மணிக்கு முன்னாடி இல்லன்னா நாலு மணிக்கு அப்புறம்னு பிளான் பண்ணுங்க. வாட்சே வேண்டாம், ரோட்டுல உங்க நிழலைப் பாருங்க, நிழல் உங்க உயரத்தை விடக் குட்டையா இருந்தா புற ஊதாக் கதிர் உக்கிரமா இருக்குனு அர்த்தம். வானிலை ஆப்ல யூவி இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், 1992ல கனடாவுல ஆரம்பிச்ச கணக்கு அது, 3ல இருந்து மேல போனாலே தொப்பியும் குடையும் கண்ணாடியும் தேவை. மேகமா இருக்குனு ஏமாறாதீங்க, மெல்லிசு மேகம்னா பெரும்பகுதி கதிர் உள்ள வந்துரும். சன்ஸ்கிரீன் போடறவங்க எஸ்பிஎஃப் 30 போதும், அது 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98, இந்த ஒரு சதவீதத்துக்குக் காசைக் கொட்டாம ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடுங்க, வேர்த்துக் கழுவிக்கிட்டுப் போறதுதான் பெரிய பிரச்சினை.

சாயந்திரம் ரெண்டு பேரா வாக்கிங் போற ஆசை இருந்தா ஒரு யோசனை, முடிஞ்சா அதைக் காலைக்கு மாத்துங்க. தார் ரோடு நல்ல வெயில்ல 60 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டை ராத்திரி வரைக்கும் விடும், நகரம் சுத்தி இருக்கற கிராமத்தை விட ராத்திரியில சூடா இருக்குங்கறதை 1800கள்ல லண்டன்ல லூக் ஹோவர்ட்னு ஒருத்தர் அளந்தே காட்டிட்டார். காலைல எந்திரிக்க முடியாத ஜோடி (எங்களை மாதிரி) மரம் இருக்கற தெருவாப் பார்த்து, வெயில் இறங்கி ஒரு மணி நேரம் கழிச்சுப் போங்க.

பைக் டயர்ல காத்தைக் காலைல வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி பாருங்க, ஓடிச் சூடான டயர்ல பிரஷர் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துட்டு காத்தைக் குறைச்சா மறுநாள் காலைல கம்மியாயிரும். சீட்டு மேல வெள்ளைத் துணி போடுங்க, இது அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். கார் வெச்சிருக்கறவங்க, மூடின கார்ல பத்து நிமிஷத்துல சுமார் 11 டிகிரி ஏறிரும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வெச்சாலும் பெருசா உதவாது, "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்"னு சொல்லிட்டு குழந்தையையோ வயசானவங்களையோ நாயையோ உள்ள விட்டுட்டுப் போகவே கூடாது. பெர்ஃப்யூம் டப்பா, லைட்டர், பவர் பேங்க், மாத்திரை எதையும் டாஷ்போர்டுல வைக்காதீங்க. போனும் 35 டிகிரிக்கு மேல இருக்கற இடத்துல தள்ளாடும், சூடாகி நின்னு போச்சுன்னா நிழல்ல கவரைக் கழட்டி வைங்க, ஃபிரிட்ஜ்ல வெச்சு உள்ள ஈரம் கோத்து போனது ஒண்ணு எங்க வீட்டு அலமாரியில இருக்கு.

தண்ணி பத்தி நீட்டி சொல்லல, தாகம் எடுக்கறதுக்காகக் காத்திருக்காம மணிக்கு ஒரு கப், நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர், ஒண்ணுக்கு அடர் மஞ்சளா போச்சுன்னா இன்னும் குடிக்கணும். இருதயம், கிட்னி பிரச்சினைக்காக டாக்டர் தண்ணி அளவு சொல்லியிருந்தா அந்த அளவுதான். வயித்துப் போக்கு வந்து பாக்கெட் ஓஆர்எஸ் கிடைக்கலன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, கண்ணளவுல போடாதீங்க, உப்பு கூடினா ஆபத்து.

இதுவரைக்கும் சொன்னதை மறந்தாலும் இதை ரெண்டு பேரும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வெளிய போயிட்டு வந்தவங்க நல்லா வேர்த்து, தலை சுத்தி, குமட்டி, கால் பிடிச்சு இழுத்துச்சுன்னா அது உடம்பு சோர்ந்த நிலை, நிழல்ல படுக்க வெச்சு, துணியைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தா அரை மணியில தேறணும். தேறாம பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசறாங்க, நடை தள்ளாடுது, உடம்பு கொதிக்குதுன்னா வெப்ப வாதம், உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல போயிருக்கும், உடனே ஆம்புலன்ஸ். வேர்வை நின்னிருக்கணும்னு கட்டாயம் இல்ல, வேர்த்துக்கிட்டே கூட வரும். வண்டி வர்ற வரைக்கும் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்தி விசிறிக்கிட்டே இருங்க, நினைவு சரியில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரையேறிரும். ஜுர மாத்திரை இதுக்கு வேலை செய்யாது. இந்த நிலையில பாதிக்கப்பட்டவங்களே "எனக்கு ஒண்ணுமில்ல"னுதான் சொல்வாங்க, அதனால கூட இருக்கறவங்க முடிவெடுக்கணும். வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், முதல் வாரத்துலதான் ஜாக்கிரதை ஜாஸ்தி வேணும்.

கடைசியா ராத்திரி. தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும், அதுக்கு உதவறது ஐஸ் தண்ணிக் குளியல்னு நினைச்சு அவர் ஒரு மாசம் நடுங்கினார். படுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில குளிங்க, தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு வெளிய போயிரும், ரொம்ப ஜில்லுனு ஊத்தினா தோல் சுருங்கி சூடு உள்ளயே மாட்டிக்கும். படுக்கையறையை ராத்திரி 24 டிகிரிக்குக் கீழ கொண்டு வர முடிஞ்சா நல்லது, எல்லா வீட்டுலயும் அது நடக்காது, நடக்கலன்னா கை காலை நனைச்சுத் துடைக்காம ஃபேனுக்குக் கீழ படுங்க, மெத்தையை விட்டுட்டு தரையில பாய் போட்டுப் பாருங்க. ஈரத்துணியை படுக்கையறையில காயப் போடாதீங்க, அந்த ஈரம் ராத்திரி முழுக்க உங்க மேலதான் உட்காரும். அப்புறம் அலாரம், விடியக்காலை ஜன்னல் திறக்க எங்க வீட்டுல திங்கள் புதன் வெள்ளி நான், செவ்வாய் வியாழன் சனி அவர், ஞாயித்துக்கிழமை யாருக்கு முதல்ல வேர்க்குதோ அவங்க.